பழைய பைக் வைத்திருப்பவர்களே, 'இன்ஜின் கோட்டிங்' என்றால் காசைக் கொடுத்துவிடாதீர்கள்

3,450 ரூபாய். 2011 மாடல் ஸ்ப்ளெண்டருக்கு ஆயில் மாற்றப் போன இடத்தில் என்னிடம் கறந்த தொகை. கறந்தவர்கள் பைபாஸில் கண்ணாடிக் கதவு, ஏசி எல்லாம் வைத்து நடத்தும் மல்டி பிராண்ட் டூவீலர் சர்வீஸ் சென்டர்காரர்கள். பெயர் போடவில்லை. இந்த மாதிரிக் கடை இப்போது எல்லா ஊரிலும் இருக்கிறது.

20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் வந்ததிலிருந்து பழைய வண்டிக்காரர்களுக்கு வயிற்றில் புளி கரைக்கிறது. அந்தக் கடைப் பையன் அங்கேதான் கை வைத்தான். "அண்ணே, இந்தப் பெட்ரோலுக்கு உங்க இன்ஜின் தாங்காதுண்ணே" என்று ஆரம்பித்து, வடித்த ஆயிலை விரலில் தொட்டுக் காட்டினான். கருப்பாக இருந்தது. ஓடிய ஆயில் கருப்பாகத்தான் இருக்கும், அழுக்கை இழுத்து வைத்துக்கொள்வதும் அதன் வேலைதான்.

அப்புறம் மேஜை மேல் ஒரு மெஷின். மோட்டாரில் இரும்பு வளையம் சுற்றுகிறது, ஒரு நெம்புகோல் அதன் மேல் பேரிங்கை அழுத்துகிறது. சாதா ஆயிலில் கிறீச்சென்று நின்றுபோனது. ஆயிலில் கலக்கும் 'இன்ஜின் கோட்டிங்' டப்பாவிலிருந்து அவன் நாலு சொட்டு விட்டதும், முழு பலத்தோடு அழுத்தியும் நிற்கவில்லை. "நீங்களே அழுத்திப் பாருங்கண்ணே" என்று நெம்புகோலை என் கையிலேயே கொடுத்தான். நம்பாமல் என்ன செய்வது? அந்த மெஷினில் நடப்பது பைக் இன்ஜினுக்குள் நடப்பதைக் காட்டாது என்பதை அங்கே யார் சொல்லப் போகிறார்கள்?

இன்ஜின் ஃபிளஷ் (உள்ளே இருக்கும் கசடைக் கழுவும் திரவம்) 450, ஆயில் 420, 'கோட்டிங்' டப்பா 1,850, இன்ஜெக்டர் கிளீனர் 380, கூலி 350. என் வண்டி கார்புரேட்டர் வண்டி ஐயா! இல்லாத இன்ஜெக்டரைச் சுத்தம் செய்ய 380 ரூபாய். போதாததற்கு இனிமேல் ஆக்டேன் கூடின பிரீமியம் பெட்ரோல்தான் போட வேண்டுமாம். விலையும் கூடுதல். ஆக்டேன் என்பது பெட்ரோல் அழுத்தத்தில் தானாக வெடித்துவிடாமல் தாங்கும் அளவு, அவ்வளவுதான். சாதா பெட்ரோலிலேயே அது இருக்கிறது. என் வண்டி மாதிரி கம்ப்ரஷன் குறைந்த இன்ஜினுக்கு அது தாராளம். அதற்கு மேல் போட்டால் மைலேஜும் ஏறாது, இழுவையும் ஏறாது.

அந்த வாரமே மேம்பாலத்தில் ஏறும்போது இன்ஜின் கத்துகிறது, வண்டி ஏற மறுக்கிறது. பின்னால் பஸ்காரர் ஹாரன் மேல் ஹாரன். கிளட்ச் வழுக்குகிறது. இந்த வண்டிகளில் கிளட்ச் இன்ஜின் ஆயிலிலேயே ஊறிக்கொண்டுதான் வேலை செய்கிறது. அதில் வழுக்கும் சமாச்சாரத்தை ஊற்றினால் பிளேட் எப்படிப் பிடிக்கும்? பைக் ஆயில் டப்பாவில் ஜாசோ எம்ஏ (ஆயிலில் ஊறும் கிளட்ச்சுக்கு ஏற்றது என்று காட்டும் தரக் குறியீடு) என்று போட்டிருப்பதே இதற்காகத்தான். அந்த 1,850 ரூபாய் டப்பாவிலோ 'கார், பைக், டீசல் அனைத்துக்கும்' என்றுதான் இருந்தது.

போன் போட்டேன். "செட் ஆக ஐந்நூறு கிலோமீட்டர் ஓடணும் சார்." மறுபடி போட்டால் ஓனர் வெளியே போயிருக்கிறார். நேரில் போனால், "பிளேட் ஏற்கெனவே தேய்ஞ்சிருந்துச்சு சார், மாத்திடலாம், 1,400 ஆகும்." தேய்ந்திருந்தால் ஆயில் மாற்றும் முன்னால் அதே பாலத்தில் எப்படி ஏறியது? "டப்பா விஷயம் கம்பெனியில கேளுங்க சார், நாங்க விக்கிறவங்கதான்." பில் கேட்டால் பேனாவால் எழுதிய எஸ்டிமேட் சீட்டு. 3,450 ரூபாய்க்கு ஜிஎஸ்டி பில் கிடையாது!

தெரு முனை மெக்கானிக் அண்ணன் கிளட்ச்சைப் பிரித்துக் காட்டினார். பிளேட்டெல்லாம் எண்ணெய் தடவிய தோசைக்கல் மாதிரி பளபள. ஆயிலை முழுக்க வடித்து, பிளேட் மாற்றிய பிறகுதான் வண்டி வண்டியாக ஓடுகிறது. அது தனிச் செலவு.

இந்த வித்தை ஒன்றும் புதிதில்லை. ஸ்லிக் 50 என்ற டெஃப்லான் கலவையை இன்ஜின் தேய்மானம் குறையும் என்று விளம்பரம் செய்து விற்றதற்கு ஆதாரம் போதாது என்று அமெரிக்க அரசின் வர்த்தக ஆணையமே வழக்குப் போட்டது, 1997இல் சமரசத்தில் முடிந்தது.

விவரமாக எழுதத்தான் உட்கார்ந்தேன், கோபத்தில் ஓடவில்லை. கம்பெனி கையேட்டில் சொன்ன கிரேடு ஆயிலை நேரத்துக்கு மாற்றுங்கள், போதும். பைக் ஆயிலில் எதையும் கலக்க விடாதீர்கள். பழைய இன்ஜினில் ஃபிளஷ் வேண்டவே வேண்டாம், பெயர்ந்து வரும் கசடு போய் ஆயிலை வடிகட்டும் வலையை அடைத்துக்கொள்ளலாம். காலி டப்பாவைக் கேட்டு வாங்கி வையுங்கள். பில் இல்லாமல் பணம் கொடுக்காதீர்கள். நுகர்வோர் உதவி எண் 1915. 3,450 ரூபாய்க்கும் சேர்த்து நான் இப்போது அங்கேதான் பேசப் போகிறேன்.