சலைன் ஏற்றுவதா, நிறுத்துவதா? ஐசியூ சோதனைகளில் எதை எங்கே நம்பலாம்

பிரஷர் சரிந்த நோயாளிக்குச் சலைன் ஏற்றினால் கார்டியாக் அவுட்புட் (இதயம் ஒரு நிமிடத்தில் வெளியேற்றும் ரத்த அளவு) கூடுமா? ஐசியூவில் ஏறத்தாழ பாதிப் பேருக்குத்தான் கூடுகிறது. மற்றவர்களுக்கு அந்த அரை லிட்டர் நுரையீரலிலும் குடல் சுவரிலும் போய்த் தேங்குகிறது. ஏற்றிவிட்டு வருந்துவதைவிட ஏற்றுமுன் சோதிப்பது மேல். எந்தச் சோதனை என்பதை நோயாளியின் நிலைதான் தீர்மானிக்க வேண்டும், கையில் இருக்கும் மானிட்டர் அல்ல.

சிவிபியை, அதாவது இதயத்துக்கு அருகிலுள்ள பெரிய சிரையின் அழுத்தத்தை, முதலில் ஒதுக்கிவிடலாம். எட்டுக்குக் கீழே என்றால் ஏற்று, பன்னிரண்டைத் தாண்டினால் நிறுத்து என்ற பழைய கணக்குக்கு ஆதாரம் இல்லை. தொகுப்பாய்வில் அதன் ஆர்ஓசி பரப்பு (கணிப்புத் திறனைக் காட்டும் எண்; 1 என்றால் முழுத் துல்லியம்) 0.56, காசைச் சுண்டிப் பார்த்தாலே 0.5 கிடைக்கும். அதற்காக எண்ணைப் பார்க்காமலே இருக்கவும் வேண்டாம். சலைன் போகும்போது சிவிபி விறுவிறுவென ஏறி, அவுட்புட் அசையவில்லை என்றால் வலது இதயம் திணறுகிறது. அங்கேயே நிறுத்த வேண்டும்.

பிபிவி, அதாவது நாடி அழுத்த மாறுபாடு, ஆர்ட்டீரியல் லைன் (தமனிக்குள் வைத்து பிரஷரைத் தொடர்ந்து அளக்கும் குழாய்) இருந்தால் சுலபம். வென்டிலேட்டர் காற்றைத் தள்ளும்போது வலது இதயத்துக்குத் திரும்பும் ரத்தம் குறைகிறது. சில துடிப்புகள் கழித்து இடது பக்க வெளியீடும் குறைகிறது. இந்த ஏற்ற இறக்கம் 13 சதவீதத்தைத் தாண்டினால் சலைனுக்குப் பலன் இருக்கும். 9-க்குக் கீழே என்றால் இருக்காது. நடுவில் வரும் எண்ணை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள்.

சிக்கல் நிபந்தனைகளில் இருக்கிறது. நோயாளி தானாக மூச்சு இழுக்கக் கூடாது, இதயத் துடிப்பு சீராக இருக்க வேண்டும், டைடல் வால்யூம், அதாவது ஒரு மூச்சுக்குச் செலுத்தும் காற்று, கிலோவுக்கு 8 மி.லி.யாவது வேண்டும் (உயரத்தை வைத்துக் கணக்கிட்ட எடைக்கு). ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனில் (இதய மேலறைகள் தாறுமாறாகத் துடிக்கும் நிலையில்) வரும் எண்ணுக்குப் பொருளே இல்லை. வலது வென்ட்ரிக்கிள் (இதயத்தின் வலது கீழறை) தளர்ந்திருந்தால் பிபிவி பொய்யாக உயரும். அதை நம்பி ஏற்றினால் நிலைமை மோசமாகும். ஏஆர்டிஎஸ் (நுரையீரல் திடீரெனக் கடுமையாகப் பாதிக்கப்பட்ட) நோயாளிக்கு 6 மி.லி.தான் கொடுக்கிறோம் என்பதால் எண் பொய்யாகத் தாழும். அதற்கு ஒரு வழி உண்டு: ஒரே ஒரு நிமிடம் 8 மி.லி.க்கு உயர்த்துங்கள். பிபிவி 7-இலிருந்து 11 ஆனால், அதாவது 3.5 புள்ளிக்கு மேல் ஏறினால், பலன் உண்டு. பார்த்த கையோடு 6-க்குத் திருப்பிவிடுங்கள்.

எக்ஸ்பிரேட்டரி ஹோல்டை (மூச்சு வெளியேறிய நிலையில் வென்டிலேட்டரை நிறுத்திவைக்கும் பொத்தானை) 15 விநாடி அழுத்திப் பிடிக்கும் சோதனையில் அவுட்புட் 5 சதவீதம் உயர்ந்தாலே போதும். அவ்வளவு சிறிய மாற்றத்தை எக்கோவில் (இதய அல்ட்ராசவுண்டில்) பிடிப்பது கடினம். துடிப்புக்குத் துடிப்பு அவுட்புட் காட்டும் மானிட்டர் வேண்டும்.

எங்கள் முதல் தேர்வு கால் உயர்த்தும் சோதனை, பிஎல்ஆர். தானாக மூச்சு விடுபவருக்கும், துடிப்பு ஒழுங்கற்றவருக்கும் இது செல்லும். சுமார் 300 மி.லி. சொந்த ரத்தமே இதயத்துக்குத் திரும்புகிறது. பலன் இல்லாவிட்டால் கட்டிலைத் திருப்பினால் போதும்.

செய்யும் முறையில்தான் பலர் தவறுகிறார்கள். தலைப்பக்கம் 45 டிகிரி உயர்ந்த நிலையில் தொடங்குங்கள். மட்டமாகப் படுத்த நிலையில் தொடங்கினால் கால் ரத்தம் மட்டும் வரும், வயிற்றுப் பகுதி ரத்தம் சேராது. சளியை முன்பே உறிஞ்சிவிடுங்கள். கால்களைக் கையால் தூக்காமல் கட்டிலையே சாய்த்து, உடல் மட்டமாகவும் கால்கள் 45 டிகிரியிலும் வரச் செய்யுங்கள். வலியிலோ பதற்றத்திலோ நாடி எகிறினால் முடிவு பொய்க்கும். உச்சம் ஒரு நிமிடத்துக்குள் வந்துவிடும், பிறகு மங்கும்; ஆகவே எக்கோ புரோபு முன்பே நெஞ்சில் இருக்க வேண்டும். ஐந்து அறைக் காட்சியில், அயோர்ட்டிக் வால்வுக்குச் சற்றுக் கீழே பல்ஸ்டு டாப்ளர் (ரத்த ஓட்ட வேகத்தை அளக்கும் எக்கோ முறை) வைத்து விடிஐ (ஒரு துடிப்பில் ரத்தம் நகரும் தூரம், அவுட்புட்டின் அளவுகோல்) எடுங்கள். மூன்று முதல் ஐந்து துடிப்புகளின் சராசரி போதும், ஃபிப்ரிலேஷனில் இன்னும் கூடுதலாக. 14 செ.மீ. 16 ஆனால் 14 சதவீத உயர்வு. 10 சதவீதத்தைத் தாண்டினாலே பலன் உண்டு. புரோபின் கோணம் நகர்ந்தால் அந்த 2 செ.மீ. வெறும் மாயை.

பிரஷரை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். அவுட்புட்டை அளந்தால் பிஎல்ஆரின் உணர்திறன் (பலன் பெறுபவர்களைச் சரியாகக் கண்டுபிடிக்கும் விகிதம்) 85 சதவீதம். நாடி அழுத்தத்தை மட்டும் பார்த்தால் 56-க்கு இறங்கிவிடும். எக்கோ கிடைக்காதபோது, வென்டிலேட்டர் அமைப்பு மாறாதவரை, இறுதி மூச்சு கார்பன் டைஆக்சைடு 5 சதவீதம் ஏறுகிறதா என்று பார்க்கலாம். வயிற்றழுத்தம் கூடியவர்களிடமும், இறுக்கமான காலுறை போட்டவர்களிடமும் பிஎல்ஆர் கைவிடும். மண்டையோட்டு அழுத்தம் கூடியவர்களுக்கும், இடுப்பெலும்பு முறிந்தவர்களுக்கும் செய்யவே கூடாது.

அவர்களுக்கு 100 மி.லி.யை ஒரு நிமிடத்தில் செலுத்தி விடிஐ பார்ப்பதே மிச்சமிருக்கும் வழி. ஐவிசி (உடலின் கீழ்ப்பகுதி ரத்தத்தை இதயத்துக்குக் கொண்டுவரும் பெருஞ்சிரை) அளவு, தானாக மூச்சு விடுபவரிடம், அவர் இழுக்கும் வேகத்துக்கு ஏற்ப மாறும். அதை நம்பி ஏற்ற முடியாது.

சோதனை பாசிட்டிவ் என்பதாலேயே சலைன் தேவை என்றாகிவிடாது. நல்ல ஆரோக்கியமானவருக்கும் பாசிட்டிவ் வரும். விரல் நுனியை அழுத்தி விட்டால் நிறம் திரும்ப 3 விநாடிக்கு மேல் ஆகிறதா, லாக்டேட் (திசுக்களுக்கு ஆக்சிஜன் போதாதபோது ரத்தத்தில் கூடும் பொருள்) ஏறுகிறதா, நுரையீரல் அல்ட்ராசவுண்டில் பி கோடுகள் (நுரையீரலில் நீர் தேங்குவதன் அடையாளம்) நிறைகின்றனவா என்பதையும் சேர்த்தே பாருங்கள். ஏற்றுவதென்றால் 250 மி.லி., பிறகு மறுபடி விடிஐ. உயர்வு இல்லையென்றால் அடுத்த பாட்டிலைத் தொங்கவிடாமல் நார்அட்ரினலினை (ரத்தக்குழாயைச் சுருக்கி பிரஷரை ஏற்றும் மருந்தை) கூட்டுங்கள்.