சுங்கை சிப்புட் போட்டோஸ்டேட் கடை சட்ட நோட்ஸ்: 15 ரிங்கிட்டுக்குத் தகுமா?

வேலை பார்த்துக்கொண்டே சட்டம் படிப்பவர்களுக்காக சுங்கை சிப்புட் டவுனில் ஒரு போட்டோஸ்டேட் கடை அனைத்துலகச் சட்ட நோட்ஸ் போட்டு விற்கிறது. தமிழில் 64 பக்கம், கம்பிச்சுருள் பைண்டிங்.

மீறவே கூடாத நெறிகள், அதாவது யூஸ் கோகென்ஸ், பற்றிய பகுதி அருமை. ஒப்பந்தங்கள் பற்றிய 1969 வியன்னா உடன்படிக்கையின் 53-ஆம் பிரிவையும் 64-ஆம் பிரிவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து விளக்குகிறது. கையெழுத்தான நாளிலேயே அப்படியொரு நெறியோடு மோதும் ஒப்பந்தம் பிறக்கும்போதே செல்லாது, அது 53. நல்லபடியாக நடந்துவரும் ஒப்பந்தத்துக்கு எதிராகப் பிறகு புது நெறி உருவானால், அன்றிலிருந்துதான் அந்த ஒப்பந்தம் முடிவுக்கு வரும், அது 64. பரீட்சையில் வழுக்குகிற இடம் இதுதான். ஐ.நா.வின் அனைத்துலகச் சட்ட ஆணையம் 2022-இல் தந்த 8 நெறிகளும் இருக்கின்றன. அந்தப் பட்டியல் முழுமையானதல்ல என்று ஆணையமே சொன்னதை மட்டும் விட்டுவிட்டார்கள்.

பெரிய ஓட்டை 41-ஆம் பக்கம்: "இந்நெறியை மீறினால் எந்த நாடும் வழக்குப் போடலாம்." அப்படியே எழுதினால் மார்க் போய்விடும். இனப்படுகொலை கூடாது என்பது போன்ற கடமைகள் ஒவ்வொரு நாடும் மற்ற எல்லா நாடுகளுக்கும் கடன்பட்டவை, அதாவது எர்கா ஓம்னெஸ், என்று அனைத்துலக நீதிமன்றத்தின் பார்சலோனா டிராக்‌ஷன் தீர்ப்பு 1970-இல் சொன்னது உண்மை. ஆனால் மீறலில் ஒரு நாட்டுக்கு அக்கறை இருப்பது வேறு, அதை விசாரிக்க நீதிமன்றத்துக்கு அதிகார வரம்பு இருப்பது வேறு. கிழக்குத் தீமோர் (1995) வழக்கில் தரப்பாக இல்லாத இந்தோனேசியாவின் சம்மதம் இல்லாமலும், காங்கோ எதிர் ருவாண்டா (2006) வழக்கில் எதிர்த்தரப்பான ருவாண்டாவின் சம்மதம் இல்லாமலும் நீதிமன்றக் கதவு திறக்கவில்லை. காம்பியா மியன்மாரை இழுத்தது தகராறுகளை அந்த நீதிமன்றத்துக்குக் கொண்டுபோக வழிவிடும், இனப்படுகொலை உடன்படிக்கையின் 9-ஆம் பிரிவை வைத்து. மலேசியாவோ 1994-இல் சேரும்போதே, ஒவ்வொரு வழக்குக்கும் தன் தனிச் சம்மதம் வேண்டும் என்று அந்தப் பிரிவுக்கு நிபந்தனை போட்டுவிட்டது. நம் நாட்டு உதாரணம் கையிலேயே இருந்தும் நோட்ஸில் இல்லை!

அடிமைத்தனத்துக்குக் கங்காணி முறையை உதாரணம் காட்டியதும் இடிக்கிறது. தோட்டப்புறத்தில் மனசுக்கு ஒட்டும்தான். ஆனால் 1926 உடன்படிக்கை கேட்பது, ஒரு ஆளைச் சொத்துபோல் ஆளும் அதிகாரம் இருந்ததா என்பதை. கடன், முன்பணம், ஒப்பந்தக் கூலி என்றாலே அந்த அளவுகோலுக்குள் வந்துவிடாது. ஜப்பானியர் காலத்தில் சயாம் ரயில்பாதைக்கு ஆள் பிடித்ததை எடுத்திருந்தாலாவது வாதாட இடமிருந்திருக்கும்.

வாங்கியதும் 41-ஆம் பக்கத்தில் "சம்மதம் இருந்தால்" என்று பேனாவால் சேர்த்துக்கொள்ளுங்கள். சில பிரதிகளில் கம்பி ஓட்டை அடிக்குறிப்பைத் தின்றுவிட்டது. காசு கொடுக்குமுன் கடைசிப் பத்துப் பக்கத்தைப் புரட்டிப் பாருங்கள்.