பி450, பி550: இரண்டையும் வைத்து ஓட்டிய அனுபவம்

ஏஎம்டியின் ரைசன் சிப்கள் (சிபியு) பொருந்தும் ஏஎம்4 சாக்கெட் மதர்போர்டு ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு பி550க்கு மாறலாமா என்று யோசிப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். பி450, பி550 என்பவை அந்தப் போர்டுகளில் உள்ள சிப்செட்டின், அதாவது மற்ற பாகங்களைச் சிபியுவோடு இணைக்கும் துணைச் சிப்பின், பெயர்கள். பி450 வந்தது 2018ல், பி550 வந்தது 2020ல். இரண்டையும் சொந்தமாக வாங்கி வருடக்கணக்கில் பயன்படுத்தியிருக்கிறேன். பழைய பி450 இன்றும் நன்றாக ஓடுகிறது.

எல்லோரும் முதலில் பேசுவது பிசிஐஇ பற்றித்தான், அதாவது கிராபிக்ஸ் கார்டும் எஸ்எஸ்டியும் தரவு அனுப்பும் பாதை பற்றி. கிராபிக்ஸ் கார்டுக்கும், எஸ்எஸ்டி செருகும் முதல் எம்.2 ஸ்லாட்டுக்கும் பி450 கொடுப்பது பிசிஐஇ 3.0, பி550 கொடுப்பது அதைவிட வேகமான 4.0. எஸ்எஸ்டி வேகம் வினாடிக்குச் சுமார் 3,500 எம்பியிலிருந்து 7,000 வரை ஏறும். ஆனால் விண்டோஸ் திறக்கும்போதோ கேம் லோடு ஆகும்போதோ எனக்கு எந்த வித்தியாசமும் தெரியவில்லை. பெரிய வீடியோ கோப்புகளை நகல் எடுக்கும்போதுதான் தெரிந்தது. இன்னொன்று, ரைசன் 5 5600ஜி, 5500 போன்ற சிப்களே 3.0 வரைதான் போகும். அவற்றைப் போட்டால் பி550 வாங்கியும் 4.0 கிடைக்காது.

கிராபிக்ஸ் கார்டில் ஒரு விதிவிலக்கு உண்டு. 16 லேன் (பிசிஐஇயின் தனித்தனித் தடம்) உள்ள கார்டு என்றால் பி450யே போதும். ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி போல 4 லேன் மட்டும் உள்ள கார்டு என்றால் 3.0 போர்டில் நன்றாகவே அடி வாங்கும். அந்த மாதிரி கார்டு வைத்திருப்பவருக்கு பி550 அவசியம் என்றே சொல்வேன்.

பி450யின் உண்மையான தலைவலி பயாஸ், அதாவது கணினி ஆன் ஆனதும் முதலில் ஓடும் போர்டின் மென்பொருள். ரைசன் 5000 வரிசை இதில் ஓடாது என்றுதான் 2020ல் ஏஎம்டி முதலில் சொன்னது. பயனர்கள் எதிர்ப்புக் காட்டிய பிறகு முடிவை மாற்றிக்கொண்டது. ஆனால் பழைய பயாஸுக்குப் புதிய சிப்பை அடையாளம் தெரியாது. நான் 5600ஐப் போட்டு ஆன் செய்தபோது ஃபேன் சுற்றியது, திரை கறுப்பாகவே இருந்தது, போர்டின் ஓரத்தில் சிபியு என்று எழுதிய சின்னச் சிவப்பு விளக்கு மட்டும் எரிந்தது. காப்பாற்றியது, திரை வராமலேயே பயாஸைப் புதுப்பிக்க உதவும், பின்பக்கம் இருந்த ஃபிளாஷ் பட்டன். பென் டிரைவை எஃப்ஏடி32ல் ஃபார்மேட் செய்து, புதிய பயாஸ் கோப்பை அதில் போட்டு, அதன் பெயரைக் கையேட்டில் சொன்னபடி மாற்றி, குறியிட்ட யூஎஸ்பி போர்ட்டில் செருகி அழுத்தினேன். சில நிமிடம் விளக்கு மினுக்கி நின்றது. அப்புறம் திரை வந்தது. அந்தப் பட்டன் இல்லாத பி450யை, செகண்ட் ஹேண்டில் மலிவாகக் கிடைத்தாலும், நான் வாங்க மாட்டேன்.

பி550ல் இந்தத் தொல்லை குறைவு. ஆனால் அது ரைசன் 1000, 2000 வரிசைகளை அதிகாரபூர்வமாக ஏற்பதில்லை. 1600, 2600 வைத்திருப்பவர் போர்டை மட்டும் மாற்ற நினைத்தால் சிப்பையும் சேர்த்து மாற்ற வேண்டிவரும். மாறாக, பி450யிலேயே இருந்து பயாஸைப் புதுப்பித்தால் 5800எக்ஸ்3டி வரை போகலாம். பழைய போர்டுக்கு இது பெரிய ஆயுள்.

பி550 எனக்குப் பிடித்துப்போனது இரண்டாவது எம்.2 ஸ்லாட்டால்தான். பி450யின் சிப்செட் பிசிஐஇ 2.0யோடு நின்றுவிடுகிறது, பி550ல் அது 3.0. இரண்டாவது எஸ்எஸ்டி 3.0யின் முழு வேகத்தில் ஓடுகிறது. ஒன்றைக் கவனியுங்கள்: அந்த ஸ்லாட்டில் எஸ்எஸ்டி போட்டால் பல போர்டுகளில் ஹார்ட் டிஸ்க் கேபிள் செருகும் சாட்டா போர்ட் இரண்டு செயலிழந்துவிடும், பி550லும் இது உண்டு. ஹார்ட் டிஸ்க் காணாமல் போனதும் நான் ஒரு மாலை முழுக்கக் கேபிள் கேபிளாக மாற்றிப் பார்த்தேன். விடை கையேட்டின் ஒரு சின்னக் கட்டத்தில் இருந்தது.

சிபியுவுக்கு மின்சாரத்தைச் சீராக்கிக் கொடுக்கும் விஆர்எம் விஷயத்தில் சிப்செட் பெயரை நம்ப வேண்டாம். அதன்மேல் சூட்டை வெளியேற்றும் ஹீட்சிங்க் இல்லாத மலிவு பி550யைவிட நல்ல ஹீட்சிங்க் உள்ள பி450 மேல். 8 கோர் சிப்பில் மணிக்கணக்கில் ரெண்டர் செய்பவர்கள் முதலில் இதைத்தான் பார்க்க வேண்டும்.

சரி, மாறுவது என்றே முடிவு செய்துவிட்டால், கூலரைக் கழற்றும் முன் கணினியைக் கொஞ்ச நேரம் ஓட்டிச் சூடாக்கி, பிறகு ஆஃப் செய்து மின்சாரத்தைத் துண்டியுங்கள். கூலரை நேராக மேலே இழுக்காமல் இடமும் வலமுமாக மெல்லத் திருகி எடுங்கள். ஏஎம்4ல் பின்கள் இருப்பது சிப்பின் அடியில். சிப்புக்கும் கூலருக்கும் நடுவே உள்ள பேஸ்ட் இறுகியிருந்தால், சாக்கெட்டின் லீவர் பூட்டியிருக்கும்போதே சிப் கூலரோடு பிய்ந்து வந்து பின் வளைந்துவிடும்.