மலேரியாவும் மூளையும்: எந்த ரத்தக் குறியீட்டை அளப்பது?

மலேரியா மூளையைத் தாக்கி, கோமா வரை போய்ப் பிழைத்த ஆப்பிரிக்கக் குழந்தைகளில் ஏறத்தாழ நாலில் ஒருவருக்குப் பின்னாளில் கற்றலிலும் கவனத்திலும் குறை தெரிகிறது. யாருக்கு என்று முன்கூட்டியே சொல்ல எம்.ஆர்.ஐ. எல்லா ஊரிலும் கிடையாது. அதனால்தான் ரத்தத்தில் தேடுகிறோம். சேமித்து வைத்த பிளாஸ்மாவுக்கு (ரத்தத்தின் திரவப் பகுதி) ஒரே ஒரு சோதனைதான் கட்டுப்படியாகும் என்றபோது நான் தேர்ந்தெடுத்தது நரம்பிழைகளில் இருக்கும் நியூரோஃபிலமென்ட் லைட் என்ற புரதம், சுருக்கமாக என்.எஃப்.எல்.

என்.எஸ்.இ.யை (நியூரான்-ஸ்பெசிஃபிக் எனோலேஸ்) முதலிலேயே கழித்துவிட்டேன். நரம்பணு சிதைந்தால் வெளிவரும் நொதிதான், ஆனால் சிவப்பணுவுக்குள்ளும் அது இருக்கிறது. மலேரியாவோ சிவப்பணுவையே உடைக்கும் நோய். சென்ட்ரிபியூஜில் சுற்றி எடுத்த பிளாஸ்மா இளஞ்சிவப்பாக நின்றால், வந்த அளவில் மூளையின் பங்கு எவ்வளவு என்று பிரிக்கவே முடியாது. மூளையிலுள்ள இன்னொரு புரதமான எஸ்100பி உடல் கொழுப்பிலிருந்தும் வரும். ரத்தத்தில் ஓரிரு மணி நேரத்தில் பாதியாகிவிடும்.

உண்மையான போட்டி, நரம்பணுவில் இருக்கும் டௌ புரதத்தோடுதான். உகாண்டாவில் மூளை மலேரியாவோடு மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட குழந்தைகளில், பிளாஸ்மா டௌ கூடியிருந்தவர்களுக்கு இறப்பும் அதிகம், பிழைத்தவர்களின் அறிவுத்திறனும் பின்தங்கியது. ஆதாரத்தில் டௌ முந்தி நிற்கிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் எனக்கு முடிவைத் தீர்மானித்தது ரத்தம் எடுத்த பிறகு நடப்பதுதான். நள்ளிரவில் எடுத்த குழாய் பல இடங்களில் விடிந்த பிறகுதான் சென்ட்ரிபியூஜுக்குப் போகிறது. நடுவில் மின்வெட்டு வேறு. அறை வெப்பத்தில் கிடந்தால் டௌ அளவு இறங்கிவிடும். அப்புறம் குறைந்த அளவைப் பார்த்து, குழந்தைக்கு ஆபத்தில்லை என்று நினைத்துவிடுவோம். என்.எஃப்.எல். ஒரு நாள் தாமதத்தையும், சில முறை உறைந்து உருகுவதையும் பெரிதாக மாறாமல் தாங்குகிறது. அதோடு, நரம்பிழை சேதமானபின் மெதுவாக ஏறி, வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் ரத்தத்தில் நிற்கும். வீடு திரும்பிய குழந்தை மறுபரிசோதனைக்கு வரும்போது எடுத்தாலும் தடயம் கிடைக்கும்.

அந்த மெதுவான ஏற்றமே அதன் குறையும்கூட. சேர்த்த அன்றைய அளவை மட்டும் வைத்து எதையும் சொல்லிவிடக் கூடாது. சிறுநீரகம் பாதித்தாலும் என்.எஃப்.எல். கூடும். கடும் மலேரியாவில் அது அடிக்கடி நடப்பதால் சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினினையும் சேர்த்தே பார்க்க வேண்டும். வயதுக்கு வயதும் மாறும். அதே ஊரின் ஆரோக்கியமான குழந்தைகளோடுதான் ஒப்பிட வேண்டும். என் அனுபவம் சேமித்த மாதிரிகளோடு மட்டுமே. கோமாவில் கிடக்கும் குழந்தையின் சிகிச்சையை இதை வைத்து முடிவு செய்யுங்கள் என்று நான் சொல்ல மாட்டேன்.