கொக்குத் திருவிழா என்று டிக்கெட் விற்கிறார்கள், பணம் கட்டிவிடாதீர்கள்

ரங்கூனிலிருந்து பெகு தாண்டி மோயுன்ஜி ஏரிக்கு 'கொக்குத் திருவிழா' என்று பஸ் விடுகிறவர்கள் மாசி மாசத்துக்கு மறுபடியும் நோட்டீஸ் ஒட்டியிருக்கிறார்கள். நேற்று பார்த்தேன், அதனால்தான் உடனே எழுதுகிறேன். தை மாசம் அம்மா, நான், என் இரண்டு பிள்ளைகள் என நாலு பேர் ஆளுக்கு 60,000 கியாட் கட்டிப் போய் ஏமாந்து வந்தோம். டிக்கெட் விற்றவர் கோயில் வாசலில் நின்று தமிழில் பேசினார், "வாங்கம்மா, உக்காருங்க" என்று அம்மாவுக்கு நாற்காலி போட்டார், நம்ம ஆள்தானே என்று ரசீதுகூடக் கேட்கவில்லை.

நோட்டீஸில் இருப்பது சாரஸ் கொக்கின் படம். சிவந்த தலை, சாம்பல் உடம்பு, நிமிர்ந்தால் ஓர் ஆள் உயரம். கீழே 'சைபீரியாவிலிருந்து வரும் விருந்தாளிகள்' என்று போட்டிருக்கும். அதுவே பொய். நம் நாட்டுச் சாரஸ் எங்கிருந்தும் வருவதில்லை, ஐராவதி டெல்டாவில் மௌபின், வாக்கேமா பக்கத்து நெல் வயல்களிலேயே கூடு கட்டி வாழ்கிறது. குளிர்காலத்தில் வடக்கேயிருந்து இறங்கி வரும் கொக்குகளைப் பார்க்க வேண்டுமென்றால் கச்சின் மாநிலத்து இந்தோஜி ஏரி வரைக்கும் போக வேண்டும். இதெல்லாம் வீட்டுக்கு வந்தபிறகு தேடித் தெரிந்துகொண்டது.

காலை 5 மணி பஸ் எட்டரைக்குக் கிளம்பியது. ஏரிக்குப் போகும்போது உச்சி வெயில், பாதிப் பறவைகள் நாணலுக்குள் ஒதுங்கிவிட்டன. டிக்கெட்டிலேயே படகு சேர்த்தி என்றவர்கள் அங்கே போனதும் ஆளுக்கு இன்னொரு 15,000 வாங்கினார்கள். 40 பேருக்கு இரண்டே பைனாகுலர், ஒன்றில் பூஞ்சை.

சரி, பறவையாவது பார்ப்போம் என்று படகில் ஏறினோம். வழிகாட்டி ஒரு பட்டுப்போன மரத்தைக் காட்டி "அதோ கொக்கு!" என்றார். அழுக்கு வெள்ளை உடம்பு, கறுத்த இறக்கை. வாயை மூடியிருந்தும் மேல் அலகுக்கும் கீழ் அலகுக்கும் நடுவில் ஒரு இடைவெளி, அதன் வழியே பின்னால் வானம் தெரிந்தது. அம்மா வயல்காட்டில் வளர்ந்தவர், பார்த்ததும் "இது நத்தைக்குத்தியில்ல?" என்றார். அதேதான், நத்தைக்குத்தி நாரை. சாரஸ் மரத்தில் உட்காராது, பின்விரல் சின்னதாக மேலே தூக்கியிருப்பதால் அதனால் கிளையைப் பற்ற முடியாது. கேட்டதற்கு வழிகாட்டி "எல்லாம் ஒரே குடும்பம்தானம்மா" என்றார். நாரையும் கொக்கும் வேறு வேறு குடும்பம். நாம் தமிழில் வெள்ளையாக நீண்ட காலோடு நிற்கிற எதையும் கொக்கு என்றுதான் சொல்கிறோம், அந்தப் பழக்கத்தை வைத்தே இவர்கள் நம்மிடம் காசு பார்க்கிறார்கள்.

பணம் போனதைவிட எனக்குத் தாங்காதது இன்னொன்று. தூரத்தில் ஊசிவால் வாத்துக் கூட்டம் ஒன்று மேய்ந்துகொண்டிருந்தது. உண்மையிலேயே வடக்கேயிருந்து வலசை வந்த பறவைகள் அவைதான், இங்கே தின்று உடம்பு தேற்றிக்கொண்டு திரும்பவும் அவ்வளவு தூரம் பறக்க வேண்டியவை. அவற்றைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. வீடியோ எடுப்பவர்களுக்காக மோட்டாரை முறுக்கிக் கூட்டத்துக்குள்ளேயே படகை விடச் சொன்னார்கள், அத்தனையும் பதறி எழுந்தன, கொஞ்ச நேரத்தில் மறுபடியும் விரட்டினார்கள். என் சின்ன மகள் "போதும்மா, வேணாம்னு சொல்லுங்கம்மா" என்று அழுதுவிட்டாள். 2004-லிருந்து ராம்சார் பட்டியலில், அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியலில், இருக்கிற ஏரி இது.

மறுநாள் டிக்கெட் விற்றவருக்குப் போன் பண்ணினால் "பறவை வர்றது எங்க கையிலயா இருக்கு?" என்றார். படகுக்கு இரண்டாம் தடவை வாங்கிய பணத்தையாவது கொடுங்கள் என்றேன், கட் பண்ணிவிட்டார். அப்புறம் எடுக்கவே இல்லை.

ஏரியைப் பார்க்க ஆசையிருந்தால் நீங்களே போங்கள். முந்தின நாள் பெகுவில் தங்கி, விடியும்போது பின்போன்ஜி கிராமத்துப் பக்கம் போய்ப் படகுக்காரரிடம் நேராகப் பேசுங்கள். எங்களைக் கூட்டிப்போன படகுக்காரர் இறங்கும்போது அம்மாவிடம் மெதுவாகச் சொன்னார், எட்டுப் பேர் ஏறிய அந்தப் படகுக்கு அவர் கையில் கொடுத்தது மொத்தமே 20,000தானாம்.