பிலவட், கிண்ட்ரெட், த லாங் சாங்: பிள்ளையை இழந்த பிறகு

அடிமைமுறை பற்றிய நாவல்களில் தப்பி ஓடுகிறவளைத்தான் நாம் உறுதியானவள் என்று கொண்டாடுகிறோம். இந்த மூன்று நாவல்களிலும் எனக்கு முக்கியமாகப் பட்டது வேறு. மூன்றிலும் ஒரு தாய் பிள்ளையைப் பறிகொடுக்கிறாள். மறுநாளும் எழுந்து வேலைக்குப் போக வேண்டியிருக்கிறது.

டோனி மாரிசனின் 'பிலவட்' (1987) பலருக்கும் தெரிந்ததே. 1856 ஜனவரியில் கென்டக்கியிலிருந்து உறைந்த ஓஹையோ ஆற்றைக் கடந்து தப்பிய அடிமைப் பெண் மார்கரெட் கார்னர், பிடிபடும் தறுவாயில் தன் மகளைத் தானே கொன்றார். அந்தச் சம்பவம்தான் நாவலின் வித்து. கதையில் அதையே செய்யும் சேத்தியை மாரிசன் வீராங்கனையாக்கவில்லை. செத்த மகள் திரும்பி வந்து அவளை உருக்குலைக்கிறாள். வாசலில் திரண்டு பாடும் ஊர்ப் பெண்கள்தான் கடைசியில் காப்பாற்றுகிறார்கள். தனி ஒருத்தியின் மன உறுதிக்கு எல்லை உண்டு என்று இவ்வளவு துணிந்து சொன்ன நாவல் குறைவு.

ஆக்டேவியா பட்லரின் 'கிண்ட்ரெட்' (1979) நடையில் வறண்டது. 1976-இல் கலிஃபோர்னியாவில் வாழும் டானா எப்படி 19ஆம் நூற்றாண்டு மேரிலாண்ட் பண்ணைக்கு இழுக்கப்படுகிறாள் என்பதற்கு விளக்கமே கிடையாது. அதனால் குறையொன்றும் இல்லை. இந்த நாவலை நான் மதிப்பது சமையல்காரி சாராவுக்காக. அவளுடைய மூன்று மகன்களையும் விற்ற காசில் எஜமானிக்குப் புது மேசை நாற்காலிகளும் பீங்கான் தட்டுகளும் வந்தன. எஞ்சியவள் வாய் பேசாத மகள் கேரி மட்டும். அவளையும் விற்றுவிடுவார்களோ என்ற பயத்தில் சாரா வாய் திறக்காமல் சமைக்கிறாள். அடங்கிப் போனவள் என்று டானா முதலில் அவளை இளக்காரமாக நினைக்கிறாள். பிறகு டானாவே ஓடிப் பார்க்கிறாள். சில மணி நேரத்தில் பிடிபட்டுச் சவுக்கடி வாங்குகிறாள். அதற்குப் பிறகு சாராவை இளக்காரம் பேச அவளுக்கு நாக்கு எழுமா?

ஆண்ட்ரியா லெவியின் 'த லாங் சாங்' (2010) ஜமைக்காவில் நடக்கிறது. 1831 கிறிஸ்துமஸ் விருந்தில் எஜமானி நல்ல லினன் விரிப்பு கேட்க, மேசையில் படுக்கை விரிப்பை விரித்து வைக்கிறார்கள் வேலைக்காரர்கள். அதே நாட்களில்தான் தீவில் பெரும் கிளர்ச்சி வெடித்தது. லெவிக்கு இரண்டுமே எதிர்ப்புதான். முதுமையில் தன் கதையை எழுதும் நாயகி ஜூலை, கசப்பான இடம் வந்தால் பொய் சொல்கிறாள், நழுவுகிறாள், கதையையே முடித்துக்கொள்ளப் பார்க்கிறாள். அச்சகம் நடத்தும் மகன் விடுவதில்லை. அந்த மகனைத்தான் குழந்தையாக இருந்தபோது பாதிரியார் வீட்டு வாசலில் விட்டுவிட்டு வந்தாள். மகளை வெள்ளைக்காரத் தம்பதி இங்கிலாந்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள். எதைச் சொல்வது, எதை மறைப்பது என்ற உரிமையை மட்டும் அவள் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை.

கலைநயத்தில் மாரிசனை மற்ற இருவரும் நெருங்க முடியாது. ஆனாலும் பெண்கள் எப்படித் தாக்குப்பிடித்தார்கள் என்று அறியப் படிப்பவர்களுக்கு லெவியையே முதலில் கொடுப்பேன், அடுத்து பட்லரை. 'பிலவட்' காலத்தை முன்னும் பின்னும் கலைத்துப் போட்டுச் சொல்லும் நாவல். அவசரமாகப் படித்தால் பாதியில் மூடிவைத்துவிடுவீர்கள்.