நீல அட்டைப் புத்தகமும் என் பழைய மெயில்களும்

திருப்பூரில் பனியன் ஏற்றுமதி கம்பெனியில் கணக்கு பார்க்கிறேன். சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையருக்கு ஆங்கிலத்தில் மெயில் போடும்போதெல்லாம் கை உதறும். வகுப்புக்குப் போக நேரமில்லாமல் ரேமண்ட் மர்ஃபியின் ‘இங்கிலீஷ் கிராமர் இன் யூஸ்’ வாங்கினேன். 1985இல் முதலில் வந்த ஆங்கில இலக்கணப் புத்தகம். என்னிடம் இருப்பது 145 பாடங்கள் உள்ள ஐந்தாம் பதிப்பு. இடப்பக்கம் விளக்கம், வலப்பக்கம் பயிற்சி. விடைகளோடு வரும் பதிப்பாகப் பார்த்து வாங்குங்கள், விடை இல்லாததும் விற்கிறது.

‘அஞ்சு வருஷமா வேலை பார்க்கிறேன்’ என்பதை ‘ஐ ஆம் வொர்க்கிங் ஹியர் சின்ஸ் ஃபைவ் இயர்ஸ்’ என்றுதான் இத்தனை நாள் எழுதிவந்தேன். ‘ஹேவ் பீன் வொர்க்கிங்’ வரவேண்டுமாம். கால அளவுக்கு ‘ஃபார்’, தொடங்கிய நேரத்துக்குத்தான் ‘சின்ஸ்’. இரண்டே பக்கத்தில் புரிந்துவிட்டது. பழைய மெயில்களைத் திறந்து பார்த்தேன். சரி, மூடிவிட்டேன்.

பயிற்சியைப் பென்சிலில் எழுதினால் அழித்து மறுபடி போடலாம். மரபுத்தொடர்களுக்கு இது போதாது. ‘கிவ் அப்’ மாதிரி வினையோடு சின்னச் சொல் சேரும் ஃப்ரேசல் வெர்புக்கு மட்டும் கடைசியில் சில பாடங்கள் உண்டு. பேச்சு வருமா என்று கேட்டால், அதற்கு வாயைத் திறக்கத்தான் வேண்டும். நான் மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர் தம்பியிடம் திறக்கிறேன்.